தார்ப்பாய் அவர்களுடையது, கயிறு எங்களுடையது

சென்ற வாரம் என் மகன் குடும்பத்தோடு ஏதோ ஓர் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கப் போனான். கூடாரம் ஒரு தோள்பைக்குள் அடங்கியிருந்தது. உதறிப் போட்டால் தானே விரிந்துகொள்ளுமாம். நான் முளைகளை எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று இருந்தது. சொன்னேன். "ஒண்ணு இல்லாட்டி ஒண்ணும் ஆகாதுப்பா" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தான். அவர்கள் திரும்பி வரும்வரை அந்தப் பன்னிரண்டாவது முளை என்னைப் படுத்திய பாடு எனக்குத்தான் தெரியும். நல்லபடியாகவே வந்து சேர்ந்தார்கள். காற்றே வீசவில்லையாம்.

காற்று வீசினால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்களுக்கும் ஒரு கூடாரம் இருந்தது. கூடாரம் என்று சொல்வது மரியாதைக்காக. கப்பலில் சரக்கு நனையாமல் மூடுகிற கனத்த தார்ப்பாய், கிழிந்துபோய்க் கழித்துவிட்டது. அதைத் தாத்தா ஏலத்தில் எடுத்து, கிழிசல்களை ஒட்டுப் போட்டு வைத்திருந்தார். அதனோடு ஆறு மூங்கில், எட்டுக் கயிறு, பதினாறு இரும்பு முளை. கோடையில் தண்டையார்பேட்டை வீட்டின் ஓடு கொதிக்கத் தொடங்கியதும், சனிக்கிழமை மதியம் மொத்தக் குடும்பமும் இவற்றை லாரியில் போட்டுக்கொண்டு பழவேற்காட்டு ஏரிக்கரைக்குக் கிளம்பும். ஞாயிறு சாயங்காலம் திரும்பும். லாரி அப்பாவின் தோஸ்து ஒருவர் ஓட்டியது. அது காலியாகப் போய்க் கருவாடு ஏற்றிக்கொண்டு வரும். ஆகவே போகும்போது காற்று வாங்கிக்கொண்டு போவோம், வரும்போது கருவாட்டு மூட்டைகள்மேல் உட்கார்ந்து வருவோம். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சு முழுவதும் எனக்கே கிடைக்கும்.

தாத்தா காலமான பிறகு வீடு இரண்டாயிற்று. கூடத்தின் நடுவே ஒரு தகரத் தடுப்பு வந்தது. தெருப்பக்கம் பெரியப்பா, கிணற்றுப்பக்கம் நாங்கள். பிரித்துக் கொடுக்க வந்த பெரியவர் நியாயத்துக்குப் பேர் போனவர். எதையும் இரண்டாகப் பங்கு போடாமல் விடமாட்டார். அம்மி அவர்களுக்கு என்றால் குழவி எங்களுக்கு. தார்ப்பாயை வெட்டினால் யாருக்கும் உதவாது என்பதால் தார்ப்பாய் மூத்தவருக்கு, மூங்கிலும் கயிறும் முளையும் இளையவருக்கு என்று தீர்ப்பானது. அவர் யோசித்துச் செய்தாரோ, கை ஓய்ந்துபோய்ச் செய்தாரோ தெரியாது. ஒருவரை விட்டு ஒருவர் மிளகாய் அரைக்கவும் முடியாது, ஏரிக்குப் போகவும் முடியாது என்று ஆகிவிட்டது.

அம்மாவும் பெரியம்மாவும் அம்மிக்கும் குழவிக்கும் நடுவே ஒரு வாரத்துக்குள் ராசியாகிவிட்டார்கள். அப்பாவும் பெரியப்பாவும்தான் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். என்ன காரணம் என்று நான் மூன்று பேரிடம் விசாரித்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை குழம்பில் அப்பாவுக்கென்று எடுத்து வைத்த வஞ்சிரத் தலையைப் பெரியப்பா எடுத்துப் போட்டுக்கொண்டார் என்றாள் அம்மா. பெரியப்பா எடுத்துப் போட்டது தம்பியின் தட்டில், அவன்தான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான் என்றாள் பெரியம்மா. பெரியப்பாவின் மகள், என்னைவிட மூன்று வயது மூத்த அக்கா, அன்றைக்கு வஞ்சிரமே இல்லை, சங்கராதான் என்றாள்.

இருவருக்கும் வேலை துறைமுகத்தில். கன்டெய்னர் வராத காலம். ஒரே கப்பலில், ஒரே கேங்கில் வேலை. அப்பா விஞ்ச் ஓட்டுவார், அதாவது கம்பிவடத்தில் சரக்கைத் தூக்கி இறக்குகிற இயந்திரம். பெரியப்பா அதே கப்பலில் சிக்னல்காரர். எனக்கு இந்த வார்த்தைகள் தெரியுமே தவிர, அவற்றின் அர்த்தம் தெரியாது. துறைமுகத்துக்குள் சிறுவர்களை விடமாட்டார்கள். "அங்கயும் ஒருத்தரோட ஒருத்தர் பேசறதில்லையாம்" என்று அம்மா பெரியம்மாவிடம் சொல்லிச் சிரித்ததைக் கேட்டிருக்கிறேன். அப்புறம் எப்படி ஒரே வேலையைச் செய்கிறார்கள் என்று கவலைப்பட்டிருக்கிறேன்.

வீட்டில் அவர்கள் பேச்செல்லாம் எங்கள் வழியாகத்தான் போகும். அக்காவும் நானும் தூதர்கள். "உங்க பெரிப்பனாண்ட சொல்லு, கொழாயில தண்ணி வருது" என்பார் அப்பா. பெரியப்பா நான்கடி தள்ளித்தான் நின்றிருப்பார். நான் போய்ச் சொல்வேன். "உங்க நைனாவாண்ட சொல்லு, எனக்கும் காது கீது" என்று பதில் வரும். அதையும் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அந்தக் கோடையில்தான் அந்தச் செய்தி வந்தது. எண்ணூர்ப் பக்கம் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலையில் பெரியப்பாவை மேஸ்திரியாக எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். குடியிருக்க குவார்ட்டர்ஸும் உண்டு. பெரியம்மா அரை மனதாகத் துணிமணிகளை ஒதுக்கத் தொடங்கியிருந்தாள். திங்கட்கிழமை போய்ப் பதில் சொல்ல வேண்டும். அவர் போனால் தார்ப்பாயும் போகும். அக்கா போவாள். ஆறு மூங்கிலையும் எட்டுக் கயிற்றையும் வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? அதற்கு முந்தைய சனி, ஞாயிறு ஏரிக்குப் போனோம். இதுவே கடைசி என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பெரியம்மா வழக்கமாகக் கொண்டுவரும் பழைய சட்டிகளை விட்டுவிட்டு நல்ல பித்தளைத் தவலையைக் கொண்டுவந்திருந்தாள்.

அவர்கள் வீட்டில் மூன்று பேர், எங்கள் வீட்டில் என் தங்கையோடு நான்கு பேர். ஏழு பேருக்கு ஐந்து குடம் நல்ல தண்ணீர், ஏனென்றால் பழவேற்காட்டு ஏரி உப்பு. கரையில் ஒரு சவுக்குத் தோப்பு. அதன் ஓரத்தில் தார்ப்பாயைக் கட்டினோம். கட்டினோம் என்றால், அப்பாவும் பெரியப்பாவும் கட்ட, நானும் அக்காவும் அவர்களுக்கு நடுவே ஓடினோம்.

"உன் சித்தப்பனாண்ட சொல்லு, நடு மூங்கிலை ஒரு சாண் தூக்கச் சொல்லு."

"பெரிப்பனாண்ட சொல்லு, ஒரு சாண் தூக்கினா பின்னால முளை புடுங்கிக்கும்."

"புடுங்காதுன்னு சொல்லு. நா கட்டினது அது."

"அதனாலதான் சொல்றேன்னு சொல்லு."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் சேர்க்கவில்லை. எங்களுக்கும் ஒரு தர்மம் இருந்தது. கூடாரத்தின் வாயை மேற்கே பார்த்து வைத்தார்கள். காற்று எப்போதும் கிழக்கே கடலிலிருந்துதான் வரும், அதற்கு முதுகைக் காட்ட வேண்டும் என்பதில் மட்டும் இருவருக்கும் வாதம் இல்லை.

ஞாயிறு காலை, முழங்கால் அளவுத் தண்ணீரில் நண்டு தேடிக்கொண்டிருந்தபோது அக்கா நிமிர்ந்து நின்று சொன்னாள்.

"டேய், நாம ஸ்டிரைக் பண்ணலாம்."

துறைமுகத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் பள்ளிக்கூட லீவைப் போலப் பழக்கமானது. அப்பாக்கள் பகலில் வீட்டில் இருந்தால் ஸ்டிரைக். ரேடியோவைச் சத்தமாக வைக்கக்கூடாது என்றால் பேச்சுவார்த்தை. சாயங்காலம் கறி எடுத்து வந்தால் வெற்றி. இவ்வளவும் எங்களுக்குத் தெரியும். அக்கா தன் சிவப்பு ரிப்பனை அவிழ்த்து ஒரு சவுக்குக் கிளையில் கட்டினாள். கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: அப்பாவும் பெரியப்பாவும் நேராகப் பேச வேண்டும். அதுவரை ஒரு சொல்லையும் சுமக்க மாட்டோம். பேசிவிட்டால் எண்ணூர் போகமாட்டார்கள் என்று அவள் கணக்கு. எனக்கும் அந்தக் கணக்கில் பிசகு தெரியவில்லை.

பெரியப்பா வலைக்காரர் ஒருவரிடம் வாங்கிய இறாலை உரித்துக்கொண்டே "உன் சித்தப்பனாண்ட சொல்லு, விறகு ஈரமா கீது" என்றார். அக்கா அசையவில்லை.

"நாங்க ஸ்டிரைக்கு."

"யாரு?"

"நானும் இவனும். நீங்களே போய் சொல்லுங்க."

பெரியப்பா கையிலிருந்த இறாலைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். ஈர விறகோடு சமையல் நடந்தது. புகையில் பெரியம்மாவுக்குக் கண் எரிந்தது. "லீடரம்மாவுக்குப் பசிச்சா தானா கீழ எறங்குவா" என்றாள். அப்பா எங்களைப் பார்த்து, "போனஸ் எவ்ளோ கேக்கறீங்க?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் பெரியப்பா பக்கம் திரும்பவில்லை.

நிர்வாகம் வேறு வழி பார்த்தது. என் தங்கைக்கு அப்போது இரண்டு வயது. அப்பா அவள் காதில் எதையோ சொல்லி, பெரியப்பா பக்கம் திருப்பி விட்டார். அவள் தள்ளாடிப் போய் "பெப்பா, உப்பு" என்றாள். பெரியப்பா உப்பு டப்பாவைக் கொடுத்தார். அதை வழியிலேயே மணலில் கொட்டிவிட்டு, ஒரு கிளிஞ்சலைப் பொறுக்கிக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தாள்.

"கருங்காலி" என்றாள் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு. இரண்டு வயதுக் குழந்தையை அப்படி ஏசியவர்கள் உலகத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

மத்தியானச் சோற்றை வாழையிலையில் சுற்றி எங்கள் சவுக்கு மரத்தடிக்கே அம்மா கொண்டுவந்து வைத்தாள். ஸ்டிரைக் என்றால் சாப்பிடலாமா என்று எனக்குச் சந்தேகம். அது உண்ணாவிரதம், இது ஸ்டிரைக், வேற வேற என்று அக்கா விளக்கினாள். பதினொரு இறால் இருந்தது. ஆறு அவளுக்கு, ஐந்து எனக்கு.

சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் மேற்கே, பொன்னேரிப் பக்கம், வானம் இருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தேன். கிழக்குக் காற்று சட்டென்று நின்றது. ஏரி எண்ணெய் ஊற்றியதுபோல ஆனது. படகுக்காரர்கள் அவசரமாகத் துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்தார்கள். அம்மாவும் பெரியம்மாவும் வெளியே காய்ந்த துணிகளை வாரிக்கொண்டு கூடாரத்துக்குள் ஓடினார்கள். என் தங்கை உள்ளே, பின்பக்க மூலையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கோடைமழைக்காற்று மேற்கிலிருந்து வரும். கூடாரத்தின் வாயும் மேற்கேதான் திறந்திருந்தது. கடலையே பார்த்துக் கொண்டிருப்பவர்கள் செய்கிற தப்பு அது. காற்று நேராக அந்த வாய்க்குள் புகுந்தது. தார்ப்பாய் பாய்மரம்போல உப்பியது. பக்கவாட்டு முளைகள் மணலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்து, கயிற்று நுனியில் சாட்டையாகச் சுழன்றன. உள்ளே இருப்பவர்கள் வெளியே ஓடிவந்தால் மண்டை உடையும். உள்ளேயே இருந்தால், அவர்கள் தலைக்குமேல் படுக்கையாகக் கட்டிய நடு மூங்கில், என் தொடை பருமன், ஊஞ்சல்போல ஆடிக்கொண்டிருந்தது. அதைத் தாங்கிய கால்களில் இரண்டு ஏற்கெனவே சாய்ந்துவிட்டன. கூடாரத்துக்குப் பின்னால், கிழக்கே இருந்த சவுக்கு மரத்தின் கவட்டையில் போட்டு அடிமரத்தில் கட்டிய ஒற்றைக் கயிறுதான் அந்த மூங்கிலைத் தொங்கப் பிடித்துக்கொண்டிருந்தது.

அப்பா அந்தக் கயிற்றுக்குப் பாய்ந்தார். முடிச்சை அவிழ்த்து, கயிற்றை மரத்தில் மூன்று சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, இறக்குவதற்குத் தயாராக நின்றார். ஆனால் அவருக்கும் கூடாரத்தின் உட்புறத்துக்கும் நடுவே உப்பிய தார்ப்பாய் ஒரு சுவராக நின்றது. உள்ளே யார் எங்கே இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. வேகமாக விட்டால் மூங்கில் குழந்தைமேல் விழும். விடாமல் பிடித்தால் எல்லாமே பிய்த்துக்கொண்டு போகும்.

பெரியப்பா ஓரத்தில், கூடாரத்தின் உட்புறமும் அப்பாவும் ஒருசேரத் தெரிகிற இடத்தில், நானும் அக்காவும் நின்ற பக்கமாக, சுழலும் முளைகளுக்கு நடுவே போய் நின்றார்.

இப்போதாவது பேசுவார்கள் என்று நான் காத்திருந்தேன். சொன்னால் நம்புவீர்களோ இல்லையோ, அந்தக் காற்றிலும் அதற்குத்தான் காத்திருந்தேன். காற்றின் இரைச்சலில் பக்கத்தில் இருந்த அக்காவின் குரலே எனக்குக் கேட்கவில்லை என்பது மூளைக்கு எட்டவில்லை.

பெரியப்பா வாயைத் திறக்கவில்லை. வலது கையைத் தலைக்குமேல் தூக்கினார். உள்ளங்கையைக் கீழே பார்த்துத் திருப்பி மெல்ல அசைத்தார். மரத்தைச் சுற்றிய கயிறு நழுவியது. மூங்கில் ஓரடி இறங்கியது. கை மூடி முஷ்டியானது. கயிறு அப்படியே நின்றது. உள்ளே அம்மா தவழ்ந்துபோய்த் தங்கையை இழுத்துக்கொள்வது எனக்குத் தெரிந்தது, அப்பாவுக்குத் தெரியாது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கையை மட்டும். முகத்தில் மணல் அடித்தது. கண்ணை இமைக்கக்கூட இல்லை. முஷ்டி விரிந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உப்புக் கிள்ளுவதுபோலச் சேர்ந்தன. கயிறு விரற்கடை விரற்கடையாக இறங்கியது. மறுபடி முஷ்டி. மறுபடி உள்ளங்கை. ஒரு முளை பெரியப்பாவின் தோளில் அடித்துவிட்டுப் போனது. தூக்கிய கை இறங்கவில்லை.

பின்னாளில் நானும் துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற வேலையில் சேர்ந்து, தினமும் இதைப் பார்த்தேன். விஞ்ச்காரர் மேல்தளத்தில் உட்கார்ந்திருப்பார். கப்பலின் வயிற்றுக்குள் நிற்கிற ஆட்கள் அவர் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். விளிம்பில் நிற்கிற சிக்னல்காரரின் கை ஒன்றுதான் அவருக்குக் கண். அந்தச் சிக்னல்காரரின் தலைக்கு மேலேதான் சரக்கு போகும். அவர் ஒருநாளும் அண்ணாந்து பார்க்க மாட்டார். ஆனால் இதெல்லாம் பின்னாளில்.

நடு மூங்கில் பிடித்து வைத்ததுபோல மணலில் படிந்தது. காற்று போன தார்ப்பாய் அதன்மேல் சரிந்தது. பெரியப்பா இரண்டு கைகளையும் மார்புக்குமுன் குறுக்காக வைத்தார். அப்பா கயிற்றை விட்டார். அதற்குப் பிறகுதான் மழை வந்தது. தார்ப்பாயின் அடியிலிருந்து முதலில் பெரியம்மா, பிறகு தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா வெளியே வந்தார்கள். தங்கை அப்போதுதான் விழித்தாள். அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கொழந்த உள்ள கீறான்னு வாயத் தொறந்து ஒரு கொரல் குடுக்கக் கூடாதா? ரெண்டு பேருக்கும் வாயில இன்னா, கொழுக்கட்டையா?"

இருவரும் கொழுக்கட்டை இருப்பதுபோலவே நின்றார்கள். பிறகு அப்பா மூங்கில்களைப் பொறுக்கப் போனார். பெரியப்பா தார்ப்பாயின் ஓட்டைகளைப் பார்க்கப் போனார்.

அக்கா சவுக்கு மரத்தடியில் நனைந்துகொண்டே அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று எனக்கு முதலில் புரியவில்லை.

"போச்சுடா. அவங்களுக்கு நாமளே தேவயில்ல. கையே போதும்."

வேலைநிறுத்தத்தில் இதைவிடப் பெரிய தோல்வி கிடையாது. ஆள் இல்லாமலே வேலை நடந்துவிட்டது. அவள் தன் அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துவைத்திருந்த சைகைகளையெல்லாம் எனக்குச் சொன்னாள். உள்ளங்கை கீழே பார்த்தால் இறக்கு. கிள்ளினால் கொஞ்சம் கொஞ்சமாக. முஷ்டி என்றால் அப்படியே நில், நான் சொல்கிறவரை அசையாதே.

"எங்க நைனா ஏன் ஒண்ணுமே திருப்பிக் காட்டல?" என்று நான் கேட்டேன், தெரியாத்தனமாக.

"மக்கு, காட்டினது எங்க நைனா. உங்க நைனாதான் விஞ்சு. விஞ்சுக்காரன் கை காட்டவே கூடாது. பாக்க மட்டுந்தான் பாக்கணும். மீறிக் காட்டினா வேலய வுட்டே தூக்கிடுவாங்க."

இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இவ்வளவு தெளிவான சட்டம் எங்கள் வீட்டில் வேறு எதற்கும் கிடையாது. அவள் ரிப்பனை அவிழ்த்துப் பிழிந்து கட்டிக்கொண்டாள். கோரிக்கை நிறைவேறாமலே வேலைக்குத் திரும்பினோம். திரும்பியதும் அப்பா, "பெரிப்பனாண்ட சொல்லு, தோள்ல மஞ்சப் பத்து போடச் சொல்லு" என்றார். போய்ச் சொன்னேன். "போட்டாச்சுன்னு சொல்லு" என்றார் பெரியப்பா. அவர் போட்டிருக்கவில்லை. பெரியம்மா அப்போதுதான் மஞ்சள் குழைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. லாரி கருவாட்டு மூட்டைகளோடு வந்து நின்றது. முளைகளை நான் எண்ணிச் சாக்கில் போட்டேன். பதினான்கு. இரண்டை மணல் விழுங்கிவிட்டது. தார்ப்பாய் நனைந்து இரண்டு மடங்கு கனத்தது. அதை அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். ஏற்றி முடித்ததும் பெரியப்பா கையைத் துடைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். அப்பா கயிறுகளைச் சுருட்டிக்கொண்டு எதிரிலேயே நின்றிருந்தார்.

"உங்க நைனாவாண்ட சொல்லு. நாளைக்கு நா எண்ணூர் போறேன். எனக்குப் பதிலு வேற ஆளு வருவான். கை நடுங்காத ஆளா பாத்து கேட்டு வாங்கிக்கச் சொல்லு. குடிக்கிற ஆளு வேணாம்."

இவ்வளவு நீளமான செய்தியை அவர் கொடுத்ததே இல்லை. ஒரு சொல் விடாமல் மனப்பாடம் செய்துகொண்டு அப்பாவிடம் திரும்பினேன். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா கயிற்றைக் கீழே போட்டார். அண்ணனை நேராகப் பார்த்தார். வலது கையைத் தலைக்குமேல் தூக்கி, முஷ்டியாக மூடினார்.

நான் அண்ணாந்து பார்த்தேன். மேலே எதுவும் தொங்கவில்லை. மூங்கில் லாரியில் இருந்தது, கயிறு தரையில் கிடந்தது. தூக்குவதற்கோ இறக்குவதற்கோ எதுவும் பாக்கி இல்லை. அப்பா தூக்கிய கையை இறக்கவில்லை. பெரியப்பா லாரிச் சக்கரத்தில் ஏற ஒரு காலை வைத்தவர், வைத்தபடியே நின்றார். அப்பாவின் தோஸ்து ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டு, கண்ணாடியில் எதையோ பார்த்துவிட்டு, என்ஜினை அணைத்தார்.

எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று நான் எண்ணவில்லை. எனக்கு எண்ணத் தோன்றாத ஒன்றிரண்டு நேரங்களில் அதுவும் ஒன்று.

கடைசியில் பெரியப்பா சக்கரத்திலிருந்து காலை எடுத்துத் தரையில் வைத்தார். மறுபடி என்னைக் கூப்பிட்டார்.

"உங்க நைனாவாண்ட சொல்லு. கைய எறக்கச் சொல்லு. வலிக்கும்."

போய்ச் சொன்னேன். அப்பா இறக்கினார்.

மறுநாள் பெரியப்பா எண்ணூர் போகவில்லை. வழக்கம்போலச் சோற்றுத் தூக்கோடு கப்பலுக்குப் போனார், அப்பாவுக்கு நான்கடி முன்னால், பேசாமல். சாயங்காலம் வந்து குழாயடியில் கால் கழுவும்போது பெரியம்மா ஏன் என்று கேட்டாள். "அங்க எல்லாம் மெசினு. நா கை காட்டினா எவன் பாப்பான்?" என்றார். பெரியம்மா உள்ளே போய், ஒதுக்கி வைத்திருந்த துணிகளை மறுபடி கொடியில் போட்டாள். அவள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்ததாக ஞாபகம்.

எங்கள் ஸ்டிரைக் வெற்றி என்று அக்கா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். கோரிக்கை என்னவோ நிறைவேறவில்லை. அவர்கள் அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் பேசவில்லை. பேசாமலே ஒவ்வொரு கோடையும் தார்ப்பாயும் கயிறும் சேர்ந்து ஏரிக்குப் போயின. ஆனால் எண்ணூர் நின்றுபோனதே, அது போதாதா என்றாள். எதிர்வீட்டுப் பிள்ளைகள் எங்களிடம் வந்து எப்படி நடத்தினீர்கள் என்று விசாரித்தார்கள். அவள் விளக்கினாள்.

என்னால் அந்தக் கொண்டாட்டத்தில் மனசு வைக்க முடியவில்லை. எனக்கு வேறு கவலை. விஞ்ச்காரர் கை காட்டக்கூடாது என்பது சட்டம். அப்பா காட்டிவிட்டார். அதுவும் எல்லாரும் பார்க்க, ஒன்றுமே தொங்காதபோது. துறைமுக மேஸ்திரியின் காதுக்குப் போனால் வேலை போய்விடும். லாரிக்காரர் தோஸ்து, சொல்ல மாட்டார். அம்மாவும் பெரியம்மாவும் துறைமுகத்துக்குப் போவதே இல்லை. ஒவ்வொருவராகக் கழித்துப் பார்த்ததில் மிஞ்சியவர் பெரியப்பா ஒருவர்தான். தினமும் அப்பா வேலைக்குக் கிளம்பும்போது நான் வாசலில் நின்று, முன்னால் போகிற பெரியப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்தான் சொல்லிவிடுவார் என்று பயந்தேன். அப்பாவோடு பேசாதவர் அவர் ஒருவர்தானே.